எனக்கு நோய் இல்லை

டாக்டர் சந்திரகலாவின் அறையில் மின்விசிறி சத்தம் போடாமல் ஓடுகிறது. ஜெயிலில் எங்கள் தலைக்கு மேல் ஓடுவது தட்டுவண்டி மாதிரி கடகடக்கும். இங்கே வந்து உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. அதை முதல் நாளே அவரிடம் சொன்னேன். சிரித்தார். நல்ல மாதிரியான அம்மா. எந்த ஆட்கள் என்பதுதான் பிடிபடவில்லை. பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்தக் காலத்தில் எல்லோரும் எல்லாப் பெயரையும் வைத்துக்கொள்கிறார்கள்.

"அம்மாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"பாண்டிதான்."

"பாண்டியில எந்தப் பக்கம்?"

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எதுக்குக் கேக்கறீங்க?"

சும்மாதான் கேட்டேன். தெரிந்தால் பேசச் சௌகரியமாக இருக்கும். அவர் சொல்லவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

என்னை இங்கே அனுப்பியது என் வக்கீல் ஹரிகிருஷ்ணன். சின்ன வயசு, கெட்டிக்காரர். என்னோடு வேலை செய்த எழிலரசன் செத்துப்போனதற்கு என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வழக்கில் என்னை மீட்க முடியாது என்று வக்கீலுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் புதிதாக ஒன்றைப் பிடித்தார்.

"பாவாடை, உங்களுக்கு இருக்கறது ஒரு வியாதி. காலனி ஆளுங்கன்னா உங்களுக்கு வாந்தி வருது. தோலைத் தேய்ச்சித் தேய்ச்சிப் புண்ணாக்கி வச்சிருக்கீங்க. சாதி வெறியும் ஒரு மனநோய்தான்னு வாதாடப் போறேன். டாக்டரு ஆமான்னு எழுதிட்டா ஜெயிலுக்குப் பதிலா ஆஸ்பத்திரி. மருந்து, மாத்திரை, நேரத்துக்குச் சோறு. கொஞ்ச நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கோர்ட்டும், பார்த்துச் சொல்லுங்கள் என்று இந்த அம்மாவிடம் அனுப்பிவிட்டது. ஆனால் அந்த வாரமே என் சம்சாரம் அமுதவல்லி மனுப் போட்டுப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"என்னாங்க, உங்களப் பைத்தியம்னு எழுதப் போறாங்களாமே?"

"பைத்தியம் இல்லடி. வியாதின்னு."

"ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதான். சுடரப் பாக்கக் கடலூர்லேந்து வந்தாங்களே, ஜெயில் சங்கதி தெரிஞ்சுதான் வந்தாங்க. பையனோட அப்பாரு என்னா சொன்னாரு தெரியுமா? 'மானஸ்தன் வீட்டுப் பொண்ணு'ன்னாரு. கிறுக்குப் புடிச்ச குடும்பம்னு தெரிஞ்சிச்சின்னா தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க. பொறக்கற புள்ளைக்கும் வரும்னு பயப்பட மாட்டாங்களா?"

"எனக்காகத்தான வக்கீலு பண்றாரு."

"நீங்க உள்ளயே இருங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. சுடர்விழி எனக்கு ஒரே பெண். மில் மூடி, வேலையில்லாமல் வீட்டோடு கிடந்த நாளில் அவள் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரிப்பாள். நானும் பக்கத்தில் குந்தி எழுத்துக் கூட்டினேன். அதற்கு முன்னால் எனக்குக் கைநாட்டுத்தான். அப்படிப்பட்ட பெண்ணின் கல்யாணம் ஒரு டாக்டர் எழுதும் வார்த்தையில் நின்றுபோகக் கூடாது. கொலைகாரன் என்று எழுதட்டும். நோயாளி என்று எழுதக் கூடாது. இதற்குத்தான் இந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எழிலரசன்மேல் எனக்குப் பகை கிடையாது. இதை யாரும் நம்புவதில்லை. அரியாங்குப்பம் தாண்டி எங்கள் ஊர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. அவன் அந்தப் பக்கம். மில்லுக்குப் பிறகு நான் சென்ட்ரிங் வேலைக்கு வந்தேன். கான்கிரீட் போடுவதற்குப் பலகை அடிப்பது, முட்டுக் கொடுப்பது, காய்ந்ததும் பிரிப்பது. அவன் என்கூடவே இருந்தான். அவனை மாதிரி வேலைக்காரன் கிடையாது. நான் கண்ணைக் காட்டினால் போதும், எந்தப் பலகை என்று எடுத்து நீட்டுவான். என் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போவேன். எங்கள் தெருமுனை வரும்போது இறங்கி நடப்பான், தாண்டியதும் ஏறிக்கொள்வான். நான் சொன்னதே இல்லை. அவனாகவே செய்வான். தண்ணீர் கேட்டால் பாட்டிலைச் சாய்த்து அவன் கையில் ஊற்றுவேன். ஒருநாளும் ஊற்ற மாட்டேன் என்றதில்லை. இதையெல்லாம் நான் சொல்லும்போது டாக்டர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். எதற்கென்று தெரியவில்லை.

பாண்டியில் சாரம் என்ற பக்கம் ஒரு வீட்டு வேலை. மாடியில் சன்ஷேடுக்குப் பலகை அடிக்கும்போது கால் வழுக்கி விழுந்தேன். கீழே நீட்டிக்கொண்டிருந்த கம்பி தொடையில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும், சொந்தக்காரர்கள் யாராவது கொடுங்கள் என்றார்களாம். என் தம்பி அன்பழகனுக்குச் சர்க்கரை. மச்சான் மாலை போட்டிருந்தான். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள், திரும்பி வரவில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை, ரத்தம் என்றால் எவனுக்கும் பயம்தான். எழிலரசன்தான் போய்ப் படுத்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

நான் கண் விழித்தபோது தலைக்கு மேல் பை தொங்கியது. கட்டில் பக்கத்தில் அவன் நின்றான். முழங்கை மடிப்பில் பஞ்சு. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான்.

"நம்ம ரத்தந்தான் ஏறுது மேஸ்திரி, பாருங்க," என்றான். "வர்ற திருவிழாவுக்கு நீங்க எங்க வரிசையில வந்து நில்லுங்க."

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் கிழவர் இருமி இருமிச் சிரித்தார். என் தம்பியும் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான், நிறுத்திக்கொண்டான்.

அந்தப் பையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஊசியைப் பிடுங்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன். பிடுங்கினால் செத்துப்போவேன் என்று தெரியும். அதனால் விட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான் என்று பின்னால் நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்த அன்று தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மறுநாள் குளிக்கும்போது செங்கல் துண்டு வைத்துத் தேய்த்தேன். அழுக்கென்றால் தோல்மேல் இருக்கும், தேய்த்தால் போகும். இது உள்ளே ஓடுகிறது. என் வேர்வையை நானே முகர்ந்து பார்ப்பேன். வேறு வாடையாக இருந்தது. காலையில் பல் விளக்கினால் ஈறில் கசியுமே கொஞ்சம் ரத்தம், அதைக் கண்டால் குமட்டும். சோறு இறங்காது. வாந்தி எடுத்தேன் என்று வக்கீல் சொல்வது பொய்யில்லை.

அமுதவல்லி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போட்டேன், அது மற்ற பாத்திரத்தோடு போகவில்லை. தனியாகக் கழுவி ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்தாள். அடுத்த வேளைக்கும் அதே டம்ளர். என் வீட்டில், என் சம்பாத்தியத்தில் வாங்கிய டம்ளர். நான் கேட்கவில்லை. கேட்டு என்ன, அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

டீக்கடையில் நெடுமாறன் பேசுவான். எங்கள் தெருக்காரன், வாய் அடங்காது. "என்னா பாவாடை, மழை வந்தா எந்தப் பக்கம் ஒதுங்குவ? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" கடைக்காரன் முதல்கொண்டு சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன். இதில் எழிலரசன் வேறு. அதுவரை மேஸ்திரி, மேஸ்திரி என்றிருந்தவன், அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தான்.

"என்னாடா புதுசா?" என்றேன்.

"ஒரு ரத்தம் ஓடுது, அண்ணன்னு கூப்புட்டா என்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

வெள்ளை மனசோடுதான் சொன்னான். அது எனக்குத் தெரியும். நான் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, நாலு பேர் காதில் விழ, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே, வேலைக்கு நேரமாச்சி," என்று குரல் கொடுப்பான். நெடுமாறன் என் தொடையைத் தட்டி, "தம்பி கூப்புடறான், போ," என்பான். எங்கள் தெருமுனையில் இறங்கி நடப்பதையும் விட்டுவிட்டான். பின்னால் உட்கார்ந்தபடியே வந்தான்.

நான் ஒரு வழி யோசித்தேன். ஒரு கட்சிக்காரர் பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம் போட்டிருந்தார்கள். போய் வரிசையில் நின்றேன். கொடுத்துவிட்டால் போய்விடும் அல்லவா? விரலில் குத்திப் பார்த்த பெண், "ஒடம்புல ரத்தமே இல்ல, நீங்க எங்க குடுக்கறது?" என்று பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். "கொஞ்சமாச்சும் எடுத்துடும்மா," என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், இந்த ரத்தம் என்னைவிட்டுப் போகாது. போகாதென்றால், அதைக் கொடுத்தவன் ரோட்டில் நின்று அண்ணே என்று கூப்பிடாமலாவது இருக்க வேண்டும். அதே ரத்தம் இரண்டு உடம்பில் நடமாடினால்தானே ஊர் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்று இல்லாமல் போனால் பேச்சு அடங்கிவிடும். நிதானமாக யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். கோபத்தில் செய்யவில்லை. குடிக்கவும் இல்லை. டாக்டர் அம்மா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அரியாங்குப்பத்தில் ஒரு புது வீடு. வாசலில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி. மேலே மூடி கான்கிரீட் போட்டாகிவிட்டது, உள்ளே அடித்த பலகையைப் பிரித்து எடுக்க வேண்டும். ஆள் இறங்குவதற்கு மட்டும் சதுரமாக ஒரு வாய், அதற்கு ஓர் இரும்பு மூடி. இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே ஈரப் பலகை ஊறிக் காற்றுக் கெட்டுக் கிடக்கும். முதல் நாளே மூடியைத் திறந்து போட வேண்டும். இறங்குவதற்கு முன்னால் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. எங்கள் ஆட்களில் இது தெரியாதவன் கிடையாது. எழிலரசனுக்கும் தெரியும்.

அன்று அவன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நான் மூடியைத் தள்ளினேன்.

"எப்பத் தொறந்தீங்கண்ணே?" என்று கேட்டான்.

"நேத்தே வந்து தொறந்துட்டுப் போனேன்டா."

"வெளக்கு?"

"எறக்கிப் பாத்துட்டேன். நல்லா எரிஞ்சிச்சி."

சட்டையைக் கழற்றி என் வண்டிமேல் போட்டான். "நீங்க எறங்காதீங்கண்ணே, காலு சரியில்ல," என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினான். முட்டுக் கட்டையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சுத்தியல் விழுந்த சத்தம்.

நான் உள்ளே குதிக்கவில்லை. இதில் எனக்குக் கெட்ட பெயர் கிடையாது. முதல் ஆளைத் தூக்கப்போன இரண்டாவது ஆளும் சேர்ந்து சாவதுதான் வழக்கம். போலீஸ்கூட முதலில் என்னைத் தட்டிக்கொடுத்து, புத்தியோடு நின்றீர்கள் என்றார்கள். விபத்து என்றுதான் எழுதினார்கள். அவன் சம்சாரம் மேனகா வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்கு ரத்தம் குடுத்த மனுசன் கெடக்கறாரே, மேஸ்திரி," என்று அழுதாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. காலை உதறிக்கொள்ளவும் முடியவில்லை, சுற்றிலும் ஆட்கள். வீட்டுக்குப் போய்த்தான் கழுவினேன்.

எதிர்வீட்டு கேமராவை நான் கவனிக்கவில்லை. அதில் மூடியைத் திறந்தது எப்போது என்று தெரிந்துவிட்டது. விளக்கு இறக்கவே இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது. அதைத்தான் கோர்ட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள்.

சுத்தியல் விழுந்த பிறகு அவன் எப்படியோ ஏணிக்கு வந்துவிட்டான். பலசாலி. தொட்டி வாயில் அவன் கை தெரிந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. பேச்சு வரவில்லை. கையை மட்டும் விரித்து என் பக்கம் நீட்டினான், தண்ணீர் கேட்கும்போது நீட்டுவானே, அதேபோல. பிடித்து இழுத்திருந்தால் மேலே வந்திருப்பான். நான் குனிந்து, அந்தக் கையைத் தொடாமல், இரும்பு மூடியை எடுத்து வாயை மூடினேன். விரல் நசுங்கக் கூடாதே என்று மெதுவாகத்தான் நகர்த்தினேன். விரலை அவனே எடுத்துக்கொண்டான். பிறகு மூடிமேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தேன்.

இதுதான் நடந்தது. சொல்லி முடித்ததும் டாக்டர் அம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. குமட்டுகிறவர் மாதிரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். நோய் யாருக்கு என்று கேட்கலாம்போல இருந்தது. மரியாதைக்காகக் கேட்கவில்லை.

"இப்ப நீங்களே சொல்லுங்கம்மா," என்றேன். "இது நோயா? எங்கப்பாவுக்கும் இருந்திச்சி. எங்க தெருவுக்கே இருக்குது. தெருவுக்கே இருந்தா அது நோயா?"

"தெருவுக்கே வர்ற நோயும் இருக்கு பாவாடை. காலரா வரலையா?"

"அப்ப நோய்னு எழுதப் போறீங்களா?"

"இல்ல." அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார். "காலரா வந்தவன் வீட்டுக்கு யாரும் பொண்ணு கேட்டுப் போறதில்ல. உங்க வீட்டுக்கு வர்றாங்க. மானஸ்தன்கிறாங்க. நோய் ஆள் பாத்து வராது. இத்தனை வருசம் அவன் கையால பலகை வாங்கினீங்க, அப்ப வாந்தி வரல. நாலு பேர் சிரிச்சப்பதான் வந்திச்சி. உங்க மூளை நல்லா இருக்கு. எல்லாத்தையும் தெரிஞ்சுதான் செஞ்சிருக்கீங்க. அப்படித்தான் எழுதப் போறேன்."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எழுந்து கும்பிட்டேன். "என் பொண்ணு வாழ்க்கைய காப்பாத்திட்டீங்கம்மா," என்றேன். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை. மேஜைமேல் இருந்த ஃபைலில் ஒரு தாளைத் திருப்பினார். நான் விழுந்தபோது சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரியின் தாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றார். "எழிலரசன் ரத்தத்த உங்களுக்கு ஏத்தவே இல்ல."

நான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஆளுங்க குடுக்கற ரத்தம் நேரா பக்கத்துக் கட்டிலுக்குப் போகாது. டெஸ்ட் பண்ணி பேங்குல வைப்பாங்க. எடுத்ததுக்கு ஈடாத்தான் ஒருத்தரக் குடுக்கச் சொல்றது. உங்களுக்கு ஏத்தினது அங்க ஏற்கெனவே இருந்த ரத்தம். அவரு குரூப்பே வேற. அத உங்களுக்கு ஏத்தியிருந்தா அங்கயே செத்திருப்பீங்க. பாவம், அவருக்கும் இது தெரியாது."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார். வெளியே காவலுக்கு வந்த போலீஸ்காரர்கூட எட்டிப் பார்த்தார். நான் என்னவோ செய்யப் போகிறேன், அழப் போகிறேன் என்று எதிர்பார்த்தார்கள்போல. முழங்கைக்குக் கீழே புடைத்து ஓடும் நரம்பைத் தடவிப் பார்த்தேன்.

"அப்ப இது யாரோடதும்மா?" என்று கேட்டேன். "எந்தத் தெரு ஆளுன்னு மட்டும் விசாரிச்சிச் சொல்லுங்க."